தையல் மிஷினா, ஆடா, பணமா? கையில 80,000 இருக்கு, என்ன செய்யலாம்?

பேராவூரணி பையன்:
எங்க பத்தாவது பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல 80,000 ரூபா சேந்துருக்கு. 2018 கஜா புயல்ல தென்னந்தோப்பு மொத்தமா சாஞ்ச அஞ்சு குடும்பம் எங்க ஊர்ல இன்னும் எந்திரிக்கல, அவங்களுக்கு நிலையா ஏதாச்சும் செய்யணும். பாதி பேரு தையல் மிஷின்ங்கறான், சிங்கப்பூர்ல இருக்கவன் ஆடுங்கறான், ஒருத்தன் மட்டும் பணமாவே குடுத்துருங்கடாங்கறான், டாஸ்மாக்குக்கு போயிரும்னு அவன எல்லாரும் திட்டறானுங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நாகூரான்:
2004 சுனாமிக்கப்புறம் எங்க பக்கம் லாரி லாரியா பழைய துணி வந்துச்சு, நாகப்பட்டினம் வெயிலுக்கு ஸ்வெட்டர் கூட இருந்துச்சு, யாரும் எடுக்கல, ரோட்டோரமா குமிஞ்சு மழையில நனைஞ்சு நாறுச்சு. அப்புறம் மீன் பிடிக்க பைபர் படகு வந்துச்சு. எங்க தெருவுல நாலு பேருக்கு ஒரு படகுனு எழுதிட்டாங்க, மாமன் மச்சானா கூட இல்லாத நாலு பேரு. மொத தடவ இஞ்சின் ரிப்பேர் ஆனதும் செலவு யாரோடதுனு சண்டை, படகு கரையிலயே காஞ்சுச்சு. அதனால எது குடுத்தாலும் ஆளாளுக்கு தனியா குடுங்க.

ஆட்டுக்காரன்:
ஆடு நல்ல விசயந்தான், ஆனா மேய்க்க ஆளு இருக்கானு மொதல்ல பாருங்க. வீட்ல ரெண்டு பேரும் கூலிக்கு போறவங்கன்னா ஆடு கட்டுத்தறியிலயே இளைச்சு போயிரும். ஐப்பசி கார்த்திகை மழையில வாங்கவே வாங்காதீங்க. சந்தையில வாங்கறத விட பக்கத்து ஊர்ல பழகின ஆடா வாங்குங்க, சந்தை ஆடு நோயோட வரும். ஆட்டுக்கொல்லி நோய் தடுப்பூசி போட்டுட்டு, இன்சூரன்ஸ் எடுத்து அதுக்கான அடையாள தோடும் காதுல மாட்டிட்டு குடுங்க. 2011ல கவர்மெண்ட் விலையில்லா ஆடு நாலு குடுத்தப்ப கவனிக்க ஆளு இருந்த வீட்ல பெருகுச்சு, இல்லாத வீட்ல கறியாச்சு.

குழு அக்கா:
தம்பி, நான் மகளிர் குழுவுல ஊக்குநரா இருந்தவ. அறுவது வீடு உள்ள ஊர்ல அஞ்சு மிஷின் வந்தா யாருக்குப்பா தைப்பாங்க, நைட்டியே ரெடிமேடா வருது. எங்க ஊர்ல குடுத்த மிஷின் ரெண்டு பாதி விலைக்கு போயிருச்சு. கஜாவுக்கப்புறமும் இதே கூத்துதான், சாஞ்ச மரத்த அறுத்து அப்புறப்படுத்த ஆளும் மிஷினும் கிடைக்காம நாங்க அல்லாடறோம், வர்றவங்க எல்லாரும் தென்னங்கன்னா கொண்டாந்து தர்றாங்க. கவர்மெண்ட் மரத்துக்கு 600, வெட்டி அகத்த 500 குடுத்துச்சு, அது பத்தல. மக்குன மரத்துல காண்டாமிருக வண்டு பெருகி புதுக்கன்னு குருத்தையே தின்னுருச்சு.

டாஸ்மாக்னு பயப்படறவங்க பொம்பளைங்க கையில குடுக்கலாமே? குழுவுல சுழல் நிதியா, அதாவது ஒருத்தர் திருப்பி கட்டுனத அடுத்தவங்களுக்கு குடுக்கற பொதுப்பணமா போட்டு, வட்டியில்லாம குழுவுக்குள்ளயே உள்கடன் குடுக்க சொல்லுங்க, ஆறு மாசம் கழிச்சு தவணை ஆரம்பிக்கட்டும். 1989ல தர்மபுரியில இந்த குழுவெல்லாம் ஆரம்பிச்ச காலத்துலேந்து அதோட பலமே அந்த உள்கடன்தான். அது சரி, அந்த அஞ்சு பேர்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?

பேராவூரணி பையன்:
அக்கா, கேக்கவேயில்ல, உண்மைய சொல்லிட்டேன். நேத்து அம்மாவ விட்டு கேக்க சொன்னேன். மூணு பேரு வாரக்கடன அடைக்கணும்ங்கறாங்க. ஒருத்தங்க ஆடு கேட்டாங்க, மாமியார் வீட்ல இருக்காங்களாம் மேய்க்க. இன்னொரு அக்கா போர் மோட்டார் காயில் எரிஞ்சு ரெண்டு வருசமா கிடக்கு, கன்னுக்கு குடத்துல தண்ணி ஊத்தறேன், அத மட்டும் சரி பண்ணி குடுங்கன்னுச்சு. 5 எச்பி சப்மெர்சிபிள்க்கு காயில் கட்ட எவ்ளோ ஆகும், பட்டுக்கோட்டை பக்கம் நல்ல மெக்கானிக் இருக்காங்களா?