தேங்காய்ப்பால் சொதி திரையாமப் பாக்கிற நாலு நிமிசம்: சமைக்கேக்க மனம் ஆறினது ஆருக்காவது நடந்திருக்கா?

உவர்மலைக்காரன்:

கொஞ்சம் வெக்கமான கதைதான், ஆனா எல்லாரும் தங்கட தங்கட அனுபவத்தை எழுதுறீங்கள், நானும் எழுதுவமெண்டு. எனக்கு 34 வயசு, கணக்கு வேலை, மாசக்கடைசி வந்தா நித்திரை இல்லை. போன வருசம் ஒருநாள் ஒபிசில இருக்கேக்க நெஞ்சு படபடவெண்டு அடிச்சு கையெல்லாம் குளிர்ந்து போச்சு, சரி முடிஞ்சுதெண்டு ஆசுபத்திரிக்கு ஓடினா, ஈசிஜி எடுத்துப் பாத்திட்டு டொக்டர் இதயத்தில ஒண்டுமில்லை தம்பி, டென்சன் எண்டார். பிறகு கவுன்சிலிங் செய்யிறவ ஒராளிட்ட அனுப்பினார். அவ சொன்னா, 1979இல அமெரிக்காவில மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில ஜோன் கபட்-சின் எண்டவர் மன அழுத்தத்தைக் குறைக்க எட்டுக் கிழமைப் பயிற்சி ஒண்டு தொடங்கினவராம், அதில ஒரே ஒரு முந்திரிகை வத்தலைக் கையில வைச்சு உருட்டிப் பாத்து, மணந்து பாத்து, நாக்கில வைச்சு ஆறுதலாத் தின்னச் சொல்லுவினமாம். நானும் கடையில பிளம்ஸ் ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டு வந்தனான். அஞ்சு நிமிசத்தில பக்கெட்டே முடிஞ்சுது. அவ்வளவுதான் என்ர தியானம்.

அதுக்குப் பிறகு அக்காவுக்குப் பிள்ளை கிடைச்சு அம்மா கொழும்புக்குப் போயிட்டா, ஆறு கிழமை. அப்பாவும் நானும். ரெண்டு நாள் கடைச் சாப்பாடு, மூண்டாம் நாள் அப்பா ஒண்டும் சொல்லேல்ல, கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு எழும்பினார், அதுவே காணும். அப்ப நான் தேங்காய் திருவத் தொடங்கினனான். முதல் வைச்ச சொதி அடுப்பில கொதிக்குது, நான் ஒபிஸ் வாட்ஸ்அப் குறூப்பில ஆரோ கேட்ட கேள்விக்குப் பதில் அடிச்சுக்கொண்டு நிக்கிறன், திரும்பிப் பாத்தா மேல எண்ணெய் மிதக்குது, கீழ தண்ணி, நடுவில மோர் கட்டினமாதிரி திரி திரியா. அம்மாவுக்குப் போன் எடுத்தா அவ கேட்ட முதல் கேள்வி, "அடுப்பை விட்டிட்டு எங்க போனனீ?" நான் எங்கயும் போகேல்லை அம்மா, பக்கத்திலதான் நிண்டனான் எண்டன். "நிண்டனீ, பாத்தனியே?"

அடுத்தநாள் பெரியகடையில விளமீன் தலை ஒண்டு வாங்கி வந்து போனை அரிசி வாளிக்குள்ள போட்டு மூடினன். ரெண்டாம் பாலில வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கருவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, மஞ்சள், மீன் தலை. அது கொதிச்சு வெந்தாப் பிறகு நெருப்பைக் குறைச்சு முதற்பாலை விடோணும், விட்டதில இருந்து அகப்பையால அள்ளி அள்ளி ஆத்தோணும், நிப்பாட்டக் கூடாது. முதல்ல ஒண்டும் நடக்காது. பிறகு சட்டி ஓரத்தில மட்டும் சின்னச் சின்ன நுரை, ஒரு வளையம் மாதிரி. அந்த வளையம் நடுவுக்கு வரப் பாக்கும், அப்ப இறக்கிப் போடோணும், அதுக்கு மேல விட்டா திரைஞ்சிடும். தேசிக்காய் அடுப்பால இறக்கி சூடு கொஞ்சம் தணிஞ்சாப் பிறகுதான். முழுக்க ஒரு நாலு நிமிசம் இருக்கும். இறக்கி வைச்சிட்டு நிக்கேக்கதான் பிடிபட்டுது, அந்த நாலு நிமிசமும் நான் எந்தக் கணக்கையும் யோசிக்கேல்லை, யோசிக்கக் கூடாதெண்டு நினைச்சு யோசிக்காம இருந்ததில்லை, சொதி விடேல்லை. அரிசிக்குள்ள போன் அதிரேக்க எலி அரிக்கிறமாதிரிச் சத்தம் வந்தது, அதையும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்.

படபடப்பு இன்னும் வரும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பின்னேரம் தேங்காய் திருவத் தொடங்கினா தோள் கொஞ்சம் இறங்குது. உங்களுக்கு இப்பிடி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்கோ.

மூண்டுநேர அடுப்பு:

தம்பி நல்லா எழுதியிருக்கிறீர், சிரிச்சனான், அந்த "பாத்தனியே" எண்டதுக்கு. ஆனா ஒண்டு சொல்றன், கோவிக்கக் கூடாது. நீர் ஆறு கிழமை சமைச்சீர், நான் 19 வருசமாச் சமைக்கிறன். விடிய நாலரைக்கு எழும்பி, ரெண்டு பிள்ளையளுக்கும் பள்ளிக்கூடச் சாப்பாடு, இவருக்குப் புட்டு, மாமிக்குச் சீனி வருத்தம் அவவுக்குக் குரக்கன், ஒராளுக்கு உறைப்பு ஆகாது, ஒராளுக்கு மீன் முள்ளு ஆகாது. இதில எங்க மனசை வைச்சுச் சமைக்கிறது? 2022இல காஸ் இல்லாத நேரம் ஞாபகமா, பன்ரண்டரைக் கிலோ சிலிண்டர் 4,860 ரூவா எண்டாங்கள், அந்தக் காசைக் கையில வைச்சுக்கொண்டு லைனில நிண்டாலும் கிடைக்காது, பின்வளவில மூண்டு கல்லை வைச்சு ஈர விறகை ஊதி ஊதிச் சமைச்சனாங்கள். இப்ப ஆரும் வந்து விறகடுப்புச் சமையல் மனதுக்கு அமைதி எண்டு வீடியோ போட்டா எனக்குக் கண் எரியுது, அந்தப் புகை இன்னும் போகேல்லைப் போல.

ஆனா எனக்கும் ஒண்டு இருக்கு, இதுவரை ஆருக்கும் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமையில பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போட்டு வந்து பாகற்காய் சமைப்பன். வீட்டில ஒரு சீவனும் பாகற்காய் தின்னாது. மெல்லிசா வட்டம் வட்டமா வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பிழிஞ்சு, வெயிலில ஒரு மணித்தியாலம் வைச்சு, பிறகு ஆறுதலாப் பொரிச்சு, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், தேசிக்காய்ப்புளி விட்டுச் சம்பல். வட்டம் ஒவ்வொண்டும் ஒரே மொத்தமா வரோணும் எண்டு பாத்துப் பாத்து வெட்டுவன். உப்புக் கூடினாலும் ஆரும் கேக்கமாட்டினம், பிந்தினாலும் ஆரும் கேக்கமாட்டினம். கிழமைக்கு ஒருக்கா எனக்கு மட்டும். உங்கட சொதி மாதிரி எனக்கு அது.

கிண்ணியா மகன்:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். ராத்தா சொன்ன பாகற்காய்க் கதை நெஞ்சில நிண்டிச்சி. என்ட கதை வேற மாதிரி. வாப்பா மௌத்தாகி மூணாம் மாசத்தில நோம்பு வந்திச்சி. வீட்டுல இருக்க ஏலா, கடைக்குப் போனா சனம் விசாரிக்கும், அதுக்கும் ஏலா. சும்மா பள்ளிவாசல்ல போய் மூலையில இருந்தன், கஞ்சி காய்ச்சிற நானா ஒராள் வந்து ஒண்டும் கேக்கல்ல, மரத் துடுப்பைக் கையில தந்து கிண்டு எண்டாரு.

கிடாரம் எண்டா இடுப்பளவு. அரிசி, இறைச்சி, இஞ்சி, உள்ளி, கறுவா, ஏலம், ரம்பை, கடைசியில தேங்காப்பால். தோணி வலிக்கிறது மாதிரி ரெண்டு கையாலயும் அடிவரைக்கும் துடுப்பை விட்டுக் கிண்டணும், ஒரு இடத்தில விட்டாலும் அடிப்பிடிச்சி முழுக்கக் கஞ்சியும் தீஞ்ச வாசம் வந்திரும், அஸருக்குப் பொறகு பாத்திரத்தோட வார சின்னப் புள்ளயளுக்கு என்னத்தக் குடுக்கிற? இதுல இன்னொரு விசயம், நோம்போட காய்ச்சிற, நாக்குல வெச்சிப் பாக்க மனசு வராது. உப்புச் சரியா எண்டு வாசத்திலதான் பாக்கணும். அந்த நானா ஆவியில மூக்கை வெச்சிட்டு இன்னும் அரைக் கைப்பிடி போடு எண்டுவாரு, நோம்பு துறக்கக்குள்ள பாத்தா சரியா இரிக்கி. பதத்தைக் காதால கேக்கச் சொல்லித் தந்தாரு. முதல்ல சளசள எண்டு தண்ணிச் சத்தம், கஞ்சி இறுக இறுக அது குறைஞ்சி, கடைசியில பொளக், கொஞ்சம் விட்டு இன்னொரு பொளக். அந்தச் சத்தம் வந்தா நெருப்பை இழுத்திரணும்.

முப்பது நாளும் போனன். வாப்பாவப் பத்தி அவரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. ஒருநாள் மட்டும் கிண்டிக்கிட்டே அழுதன், புகை எண்டு நினைச்சிருப்பாரு, இல்லாட்டித் தெரிஞ்சும் இருந்திருப்பாரு. கையை மட்டும் நிப்பாட்டாத எண்டாரு.

நைட் டியூட்டி:

கிண்ணியா அண்ணா, வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் ரைப் பண்ண ஏலாமப் போச்சு.

நான் நர்ஸ். நைட் முடிஞ்சு வந்தா உடம்பு படுக்கச் சொல்லும், மண்டை வாட்டுக்குள்ளயே நிக்கும். அப்ப நான் தூள் வறுப்பன். மல்லி தனிய, சீரகம் பெருஞ்சீரகம் தனிய, மிளகு, கருவேப்பிலை, பிறகு செத்தல் மிளகாய், பக்கத்து வீட்டு அன்ரி தும்மினா அது பதம் எண்டு அர்த்தம். வெந்தயம் கடைசி, சட்டிச் சூட்டிலயே காணும், கறுத்துதோ முழுத் தூளும் கசக்கும். ஒருக்கா வாட்டில நடந்த ஒரு விசயத்தை யோசிச்சுக்கொண்டு வறுத்து ஒரு கிலோ மல்லியைக் கரியாக்கி, குப்பையில கொட்டிப்போட்டு அதுக்கும் சேத்து அழுதனான். அதால எல்லா நாளும் இது வேலை செய்யும் எண்டு நான் சொல்லமாட்டன்.

இன்னுமொண்டு. நித்திரையே இல்லை, சாப்பிட மனமில்லை, வாழ்ந்தென்ன எண்டு யோசினை வருது எண்டா சட்டியும் அகப்பையும் காணாது. இலங்கையில தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 எண்ட போன் நம்பர் இருக்கு, எடுங்கோ, தமிழிலயும் கதைக்கலாம். வெக்கப்பட ஒண்டுமில்லை, நானே ஒருக்கா எடுத்தனான்.

பனிக்குள்ள ஒருத்தி:

டொரொண்டோவில இருந்து. எனக்கு இஞ்ச அந்த நாலு நிமிசம் கிடைக்குதில்லை எண்டதுக்குக் காரணம் இண்டைக்குத்தான் விளங்கிச்சு. நான் பாவிக்கிறது டின்னில வாற தேங்காய்ப்பால், பால் பிரியாம இருக்க குவார் கம் எண்ட பசை போட்டிருக்கு, லேசில திரையாது. கொதிக்க விட்டிட்டு போனைப் பாக்கலாம், உடுப்பு மடிக்கலாம், சொதி சொதியாத்தான் இருக்கும். என்ன பிரியோசனம்? இந்தச் சனிக்கிழமை தேங்காய் வாங்கப் போறன். திருவலை பேஸ்மெண்டில எங்கயோ கிடக்கு, நிலாவெளியில இருந்து அம்மம்மா தந்துவிட்டது, அலகு துருப்பிடிச்சிருக்கும்.

உவர்மலைக்காரன்:

பனிக்குள்ள அக்கா, தேசிக்காய்ப் பாதியில உப்பைத் தொட்டுத் துருவைத் தேய்ச்சுப் பாருங்கோ, போகும். நைட் டியூட்டி, அந்த நம்பரைப் போட்டது நல்லது, நான் முதலே போட்டிருக்கோணும்.

மூண்டுநேர அடுப்பு அக்கா, கோவமில்லை, நீங்கள் சொன்னதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். சிரிச்சா. அம்மா திரும்பி வந்ததில இருந்து எங்கட குசினியில சண்டை, அவ என்னை விடுறாவில்லை. கடைசியா ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு எண்டு முடிவு. போன ஞாயிறு நீங்கள் போய் முன்னுக்கு இருங்கோ அம்மா எண்டு சொல்லி அனுப்பினன், ரெண்டு நிமிசத்தில படியில வந்து நிக்கிறா, உப்புப் போட்டனியோ எண்டு. பிறகு ஒருமாதிரி வாசல்கட்டில இருந்து துறைமுகப் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தா. உங்களுக்கு என்ன அம்மா பிடிக்கும் சமைக்க எண்டு கேட்டன், சமைக்கவோ, தின்னவோ எண்டு கேட்டா. சமைக்க எண்டன். அவ பதில் சொல்லேல்லை, யோசிச்சுக்கொண்டே இருந்தா. எனக்கு அந்தப் பக்கம் நுரை வளையம் நடுவுக்கு வரத் தொடங்கீட்டு, நான் திரும்பீட்டன். இன்னும் அந்தப் பதில் வரேல்லை.

அண்டைக்குச் சொதி நல்லா வந்தது. போனை மட்டும் வாளியில விட்டிட்டு மறந்துபோய்ப் படுத்திட்டன். விடிய அம்மா சுண்டால அரிசி அளக்கப் போய், சுண்டுக்குள்ள போன் வந்திருக்கு, மனேஜரின்ர 14 மிஸ்ட் கோலோட. அவருக்கு என்ன சொல்றதெண்டு இன்னும் யோசிக்கேல்லை. சார்ஜ் குத்திற ஓட்டைக்குள்ள குறுணல் ஒண்டு இறுகிப் போச்சு, லப்டொப்பில இதை ரைப் பண்ணிப்போட்டு தையல் ஊசியால அதைத்தான் கிண்டிக்கொண்டிருக்கிறன்.