மூடப்பட்ட தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குத் தொழில் கற்றுத்தர ஒரு சமூகத் தொழில் நிறுவனம்: எதிலிருந்து தொடங்குவது?

வண்டிப்பெரியாறு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பீர்மேடு தாலுகாவில், 2000-ஆம் ஆண்டையொட்டிக் கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலருக்குக் கொளுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. தொழிலுறப்பு எனப்படும் அரசின் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலை உள்ள நாட்களில் அதற்கும், மற்ற நாட்களில் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்கும் போய் வருகிறார்கள். வளர்ந்த பின்னும் வீட்டை விட்டு வெளியே வராத, அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளும் சில வீடுகளில் இருக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அமைப்பு வந்து மூன்று மாதம் தையல் பயிற்சி கொடுத்தது. இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் சான்றிதழ் வாங்கினார்கள். இன்று ஒருவர்கூடத் தையலால் சம்பாதிக்கவில்லை. பாடம் மலையாளத்தில் நடந்தது, எங்கள் பெண்களுக்கோ தமிழ்கூடத் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வரும். கடைசி நாளன்று மாலையே தையல் இயந்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது நாங்கள் ஆறு பேர் சேர்ந்து சிறிது பணம் திரட்டியிருக்கிறோம். பயிற்சியோடு நின்றுவிடாமல், பொருளையோ சேவையையோ விற்று, அந்த வருமானத்திலிருந்து கூலியும் கொடுக்கும் ஒரு சமூகத் தொழில் நிறுவனமாக இதை நடத்த வேண்டும் என்பது எங்கள் எண்ணம். எந்தத் தொழிலை எடுப்பது, இந்த வயதினருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது, கற்றவர்களை எங்களிடமே வைத்துக்கொள்வதா, வெளி வேலைக்கு அனுப்புவதா என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மூணாறு நண்பர்:

சகோதரிக்கு வணக்கம். முடிந்தால் ஒரு நாள் மூணாறுக்கு வந்து ஸ்ருஷ்டியைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் வீடுகளிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்காக 1991-இல், தேயிலை நிறுவனத்தின் துணையோடு தொடங்கப்பட்டது அது. இயற்கைச் சாயமிடும் அரண்யா, கைக்காகிதம் செய்யும் அதுல்யா, ஸ்ட்ராபெரி ஜாம் செய்யும் பிரிவு, பேக்கரி எனப் பல பிரிவுகள் அங்கே உண்டு.

நீங்கள் அங்கே கவனிக்க வேண்டியது வேலை பிரிக்கப்பட்டிருக்கும் விதம். துணியை மடிப்பது, நூலால் இறுக்கிக் கட்டுவது, சாயத்தில் முக்குவது, அலசுவது, உலர்த்துவது என்று ஒரு துணி பல கைகளைக் கடந்து வருகிறது. முழுத் தொழிலையும் ஒருவரே கற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், ஒரு படியை மட்டும் நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. உங்கள் தையல் வகுப்பில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு ஜாக்கெட்டைத் தைத்து முடிக்க வேண்டியிருந்திருக்கும். மூன்று மாதத்தில் அது யாருக்கும் எளிதல்ல. ஒருவர் வெட்டவும் ஒருவர் ஓரம் அடிக்கவும் ஒருவர் எண்ணி அடுக்கவும் பழகியிருந்தால், அந்த இருபத்திரண்டு பேரில் பலர் இன்றும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

நான் கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் (அக்கம்பக்கப் பெண்களின் குழு) வழியாகப் பன்னிரண்டு பெண்களோடு துணிப்பை தைக்கும் சிறு அலகு ஒன்றை நடத்தியவள். கேரளத்தில் 2020 ஜனவரி முதல், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடைசெய்யப்பட்டபோது, இனிப் பைக்குப் பஞ்சமிருக்காது என்று எண்ணித் தொடங்கினோம். பை தைப்பதை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டோம். அடக்கவிலை போடத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. துணிக்கும் நூலுக்கும் கணக்கு வைத்தோம், எங்கள் கூலியை அதில் சேர்க்க மறந்தோம். அதோடு, பெரிய அளவில் வாங்கிய ஓர் அலுவலகம் நான்கு மாதம் பணம் தராமல் இழுத்தடித்தபோது, அன்றாடக் கூலியை நம்பியிருந்த ஐந்து பெண்கள் செங்கல் சூளைக்கே திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, வாங்குபவரை முதலில் உறுதி செய்யுங்கள், பிறகு தொழிலைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான். கற்கும் நாட்களுக்கும் கூலி கொடுங்கள். ஒரு நாள் தொழிலுறப்பு வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வருபவர், அன்றைய வருமானத்தை இழந்துதான் வருகிறார். மூன்று மாதக் கூலியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கதவைத் திறக்காதீர்கள். கணக்கு எழுதுவதையும், வாங்குபவரிடம் விலை பேசுவதையும், தொலைபேசியில் ஆர்டர் எடுப்பதையும் பயிற்சியின் பகுதியாகவே வையுங்கள். இவற்றை நீங்கள் ஆறு பேரே செய்துகொண்டிருந்தால், நீங்கள் விலகும் நாளில் அவர்கள் மீண்டும் கூலியாட்களாகிவிடுவார்கள்.

குமுளி வாசகர்:

அக்கா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. ஒரு யோசனையும் உண்டு. தேக்கடியில் தங்கும் விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் ஏராளம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு ஆகியவற்றை வெளுத்து மடித்துத் தர நம்பகமான ஆள் கிடைக்கவில்லை என்பது இங்கே பல உரிமையாளர்களின் ஓயாத குறை. தரம் பிரிப்பது, கறை பார்ப்பது, துவைப்பது, தேய்ப்பது, மடிப்பது, எண்ணிக் கட்டுவது என்று மூணாறு நண்பர் சொன்னபடி இதையும் படிகளாகப் பிரிக்கலாம். மடிப்பதும் எண்ணுவதும் நீங்கள் குறிப்பிட்ட பிள்ளைகளுக்குப் பொருந்தக்கூடும். மும்பையில் 2009-இல் தொடங்கப்பட்ட மிராக்கிள் கூரியர்ஸ், காது கேளாதவர்களைக் கொண்டே கூரியர் சேவை நடத்தியது, அந்த வேலையில் பேச்சுக்குத் தேவை குறைவு என்பதால்தான். ஆளுக்கு ஏற்ற வேலையைத் தேடினால் பயிற்சியின் பாதிச் சுமை குறைந்துவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த மலையில் துணி காயாது என்பது மட்டும் பெரிய தடை. உலர்த்தும் இயந்திரத்துக்கான செலவை முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வெளி வேலைக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. இத்தாலியின் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பின்தங்கியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கான சமூகக் கூட்டுறவு நிறுவனங்களின் தொழிலாளர்களில் குறைந்தது 30 விழுக்காட்டினர் அத்தகைய நிலையில் உள்ளவர்களாக இருக்க வேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்வார்கள். அனைவரையும் ஒரே வகையினராகச் சேர்க்காமல், தேர்ந்தவரையும் புதியவரையும் கலந்து வைத்தால், போக விரும்புபவர் விடுதி வேலைக்குப் போகலாம், இருக்க விரும்புபவர் இருக்கலாம்.

வண்டிப்பெரியாறு ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று லயத்தில் பதினோரு பெண்களோடு உட்கார்ந்து உங்கள் பதில்களைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கூலி சேர்க்க மறந்த கதையைக் கேட்டதும் ஒரு பெரியம்மா, "அதை முதல்ல எங்களுக்குச் சொல்லிக் குடு டீச்சர்" என்றார். அடுத்த ஞாயிறு நான்கு பேர் குமுளிக்கு வந்து விடுதிகளில் நேரில் விசாரிப்பதாக இருக்கிறோம். பேசப்போவது அவர்கள்தான், நான் உடன் மட்டும் வருகிறேன். குமுளி அண்ணா, ஒரு துண்டுக்கும் ஒரு விரிப்புக்கும் இப்போது அங்கே என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்குள் எழுதுங்கள்.