மூணு தலைமுறையா பிரஷர்: ரெனின் பார்க்காம மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போறது சரியா?

பவானிக்கரை கேட்டது:

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்துல மக்களைத் தேடி மருத்துவத்தில பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை குடுக்கிற வேலை. ஒரு வீட்டு விவரம் சொல்றேன். தாத்தா 50 வயசுக்கு முன்னாலயே மூளையில ரத்தக் கசிவு வந்து போயிட்டாரு. மகனுக்கு 30 வயசுல இருந்து பிரஷர். இப்பப் பேரனுக்கு 19 வயசு, ரெண்டு கையிலயும் 160/104. ஒல்லியான பையன், சுகர் இல்லை. அம்லோடிபின் 10, டெல்மிசார்டன் 80 ஒழுங்காச் சாப்பிட்டும் 150-க்குக் கீழ இறங்கல. கிரியாட்டினின், கிட்னி ஸ்கேன் ரெண்டும் சரி. பொட்டாசியம் மட்டும் குறைவு, 3.2.

கிட்னி ஹார்மோன் கோளாறு பரம்பரையா இப்படி இறங்குமுங்களா? பெரிய டாக்டர்கிட்ட அனுப்பும்போது எந்த டெஸ்டைக் கேட்டு எழுதணும்? மாத்திரையை நிறுத்திட்டுத்தான் எடுக்கணுமா?

நெப்ரான்_கோவை:

இறங்குமுங்க. நீங்க எழுதினதுல பெரிய துப்பு அந்த 3.2-தான். நீர் போற மாத்திரையோ வாந்தி பேதியோ இல்லாம, அதுவும் பொட்டாசியத்தை ஏத்தற டெல்மிசார்டன் உள்ள போயும் 3.2-ன்னா, சிறுநீர்ல பொட்டாசியம் வெளிய போய்க்கிட்டிருக்கு, பதிலுக்கு உப்பு உள்ள வந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

வழக்கமா நடக்கிறது இதுதான். ரத்த அழுத்தமோ உப்போ குறைஞ்சா கிட்னி ரெனினைச் சுரக்கும். ரெனின் ஈரல்ல இருந்து வர்ற ஒரு புரதத்தை வெட்டும். அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் 2 உருவாகி ரத்தக் குழாயைச் சுருக்கும், கிட்னி மேல இருக்கிற அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டிரோனை வர வைக்கும். ஆல்டோஸ்டிரோன் நெஃப்ரானோட (கிட்னியில சிறுநீரைப் பிரிக்கிற நுண்குழாய்) கடைசிப் பகுதியில இருக்கிற சோடியம் வாசலைத் திறந்து விடும். உப்பு உள்ள, பொட்டாசியம் வெளிய. அழுத்தம் ஏறினதும் ரெனின் தானா அடங்கிடும்.

கீழ்பவானி வாய்க்கால்ல மதகைப் பார்த்துக்கிற லஸ்கர் ஷட்டரை மூடச் சொல்லி ஆள் அனுப்பினாலும், ஷட்டர் திறந்தபடியே இறுகிப்போயிருந்தா தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கும். பரம்பரைப் பிரஷர்ல பல வகை அப்படித்தான். ரெனின் அடங்கிப்போயிருக்கும், ஆனா அதுக்குக் கீழ ஏதோ ஒரு கண்ணி திறந்தே நிக்கும். டெல்மிசார்டன் இவங்களுக்குச் சரியா வேலை செய்யாததுக்கும் இதுதான் காரணம். ஆஞ்சியோடென்சினே குறைவா இருக்கும்போது அதைத் தடுத்து என்ன கிடைக்கும்?

எந்தக் கண்ணின்னு சொல்ல ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்க்கணும்.

ரெனின் குறைவு, ஆல்டோஸ்டிரோன் அதிகம்: கோளாறு அட்ரினல்ல. பரம்பரையா வர்றதுல முக்கியமானது, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு மரபணு ஒட்டிப்போய், கார்ட்டிசாலைக் கிளப்புற ஏசிடிஹெச் ஹார்மோனே ஆல்டோஸ்டிரோனையும் கிளப்புற வகை. 1992-ல கண்டுபிடிச்சாங்க.

ரெண்டுமே குறைவு: சோடியம் வாசலே பழுது, லிடில் நோய். அந்த வாசல் புரதத்தோட வால்பகுதி மாறிப்போறதால, செல் அதைப் பிடிச்சு உள்ளே இழுத்து அழிக்க முடியாம மேலயே நிக்குது. இது 1994-ல தெளிவாச்சு. இதுக்கு ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் குடுத்துப் பிரயோசனம் இல்லை. ஆல்டோஸ்டிரோனே இல்லாதப்ப அது எதைத் தடுக்கும்? வாசலையே நேரா அடைக்கிற அமிலோரைடுதான் கேட்கும். நம்ம ஊர்க் கடையில அது பெரும்பாலும் ஃப்ரூஸமைடு கூடவோ ஹைட்ரோகுளோரோதயசைடு கூடவோ சேர்ந்துதான் வரும், தனியா எழுதினா முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

பிரஷரோட பொட்டாசியம் ஏறியிருந்தா அது கோர்டன் நோய்ங்கிற இன்னொரு பரம்பரை வகைப் பக்கம். அதுக்கு தயசைடு வகை நீர் மாத்திரை நல்லாக் கேட்கும். அங்க போய் ஸ்பைரோனோலாக்டோன் குடுத்தா ஆபத்து.

ஒண்ணு சொல்லிடறேன். குடும்பத்துல பிரஷர் இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஒத்தை மரபணுக் கோளாறு இருக்காதுங்க. பெரும்பாலானவங்களுக்கு நூத்துக்கணக்கான சின்னச் சின்ன மாறுதல் சேர்ந்துதான் வருது. அதுலயும் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. பிரஷராலேயே கிட்னி செயலிழந்த 6 பேருக்கு, பிரஷர் இல்லாதவங்க கிட்னியை வெச்ச பிறகு பிரஷர் சரியாப்போனதை 1983-லயே எழுதியிருக்காங்க. ஆனா 19 வயசு, மூணு தலைமுறை, பொட்டாசியம் 3.2-ன்னு மூணும் சேர்ந்தா ஒத்தை மரபணுவைத் தேடாம விடக் கூடாது.

லேப்_பெருந்துறை:

சாம்பிள் தப்பா எடுத்தா மேல சொன்ன கணக்கு எல்லாமே தப்பாப் போயிடும். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல பொட்டாசியத்தை 4 பக்கம் கொண்டு வரணும். குறைவா இருந்தா ஆல்டோஸ்டிரோன் பொய்யாக் குறைஞ்சு தெரியும். டெஸ்ட் முடியற வரைக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லாதீங்க, உப்பு குறைஞ்சா ரெனின் ஏறிடும். காலையில எந்திரிச்சு 2 மணி நேரமாவது நடந்து நின்னு இருக்கணும், அப்புறம் 5-லிருந்து 15 நிமிஷம் உட்கார வெச்சு எடுக்கணும். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லக் கூடாது, பொட்டாசியம் பொய்யா ஏறும்.

அடிக்கடி நடக்கிற தப்பு, ரெனின் சாம்பிளை ஐஸ் பெட்டியில வெச்சு அனுப்பறது. குளிர்ல புரோரெனின் (ரெனினோட செயல்படாத முன்வடிவம்) ரெனினாட்டம் வேலை செய்ய ஆரம்பிச்சுடும், அடங்கின ரெனின்கூட நார்மல்னு வரும். பிரிக்கிற வரைக்கும் அறை வெப்பத்துல இருக்கட்டும், பிளாஸ்மாவைப் பிரிச்சதும் வேகமா உறைய வைக்கணும்.

மாத்திரை விஷயம்: ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு இருந்தா 4 வாரம் நிறுத்தணும். அட்டெனோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் ரெனினைத் தானே அடக்கும், அதனால இல்லாத கோளாறு இருக்கிற மாதிரி தெரியும். டெல்மிசார்டன் நேர் எதிர், ரெனினை ஏத்திவிடும். ஆனா உங்க பையன் விஷயத்துல அதுவே உதவி. டெல்மிசார்டன் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே ரெனின் அடங்கியிருந்தா அதைவிட நல்ல சாட்சி வேணாம். நிறுத்தாமலே முதல் சாம்பிள் எடுக்கலாம். ரெனின் அடங்காம வந்தா மட்டும், டாக்டர் 2 வாரம் வெராபமில், பிரசோசின் மாதிரி மாத்திக் குடுத்துத் திரும்ப எடுப்பாரு. யாரும் தானா நிறுத்தக் கூடாது.

ஆல்டோஸ்டிரோனை ரெனினால வகுத்து வர்ற விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஆல்டோஸ்டிரோன் 18, ரெனின் செயல்பாடு 0.3-ன்னா விகிதம் 60. ஆல்டோஸ்டிரோன் 5, ரெனின் 0.1-ன்னாலும் 50 வரும்! முன்னது அட்ரினல், பின்னது லிடிலா இருக்கலாம். 30-க்கு மேலன்னு சிவப்புல அச்சடிச்சு வர்றதை நம்பி ரெண்டாவது ஆளுக்கு ஸ்பைரோனோலாக்டோன் எழுதினா மாசக்கணக்குல வீண். எந்த அலகுல வந்திருக்குன்னும் பாருங்க: ஆல்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 1 நானோகிராம்னா லிட்டருக்கு 27.7 பிகோமோல்.

மருந்துக்கடை_கோபி:

பையன்கிட்ட அதிமதுரம் கேட்டீங்களாங்க? தொண்டைக்கு, இருமலுக்குன்னு பொடி, கஷாயம், மிட்டாய்னு மாசக்கணக்கா எடுக்கிறவங்க இருக்காங்க. கார்ட்டிசாலை உடைக்கிற நொதியை அது கிட்னியில தடுத்திடும்; அப்புறம் கார்ட்டிசாலே ஆல்டோஸ்டிரோன் வேலையைச் செய்யும். பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கி, ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் குறைஞ்சு, அச்சு அசல் லிடில் மாதிரியே இருக்கும். நிறுத்தினாலும் அடங்க ஓரிரு வாரம் ஆகும்.

அதே நொதி பிறவியிலேயே பழுதாகிற நோயும் உண்டு. அது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் வரும், அதனால மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துல கட்டின வீட்டுல பார்க்கலாம். பெத்தவங்களுக்குப் பிரஷர் இருக்காது, குழந்தை எடை குறைவாப் பிறந்திருக்கும். நீங்க சொன்ன வீட்டுல தாத்தா, அப்பன், மகன்னு வரிசையா இறங்குது, அதனால இது வேற வகைங்க.

பொட்டாசியம் குறைவுன்னதும் தினம் இளநீர் குடிக்கச் சொல்லுவாங்க. அமிலோரைடோ ஸ்பைரோனோலாக்டோனோ டெல்மிசார்டன் கூடச் சேர்ந்துட்டா இளநீரை நிறுத்தணும், ஒரு வாரத்துல பொட்டாசியம் பார்த்தே ஆகணும். டெஸ்ட் முடிஞ்ச பிறகு உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாசம் 600 கிராம்தான் ஆகணும், ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் இதுக்குள்ள.

பவானிக்கரை:

அதிமதுரம் கேட்டுப் பார்க்கிறேனுங்க. தாத்தாவுக்கு வந்த ரத்தக் கசிவுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுங்களா?

நெப்ரான்_கோவை:

இருக்கலாமுங்க, அதனாலதான் தள்ளிப் போட வேணாம்னு சொல்றேன். மேல சொன்ன ஒட்டு மரபணு வகையில மூளை ரத்தக் குழாய் பலூன் மாதிரி வீங்கி, சின்ன வயசுலயே வெடிக்கிறது உண்டு. மரபணு உறுதியானா அப்பனுக்கும் மகனுக்கும் தலைக்கு எம்.ஆர். ஆஞ்சியோ எடுக்கச் சொல்லுவாங்க. மருத்துவமும் வேற: ராத்திரி படுக்கும்போது ரொம்பக் குறைந்த அளவு டெக்ஸாமெத்தசோன், 0.125-லிருந்து 0.25 மில்லிகிராம், ஏசிடிஹெச்சை அடக்கி ஆல்டோஸ்டிரோனைக் கொண்டு வந்துடும். இல்லைன்னா ஸ்பைரோனோலாக்டோன். இந்த வகையில பொட்டாசியம் நார்மலா இருக்கிறவங்களும் நிறைய, அதனால பொட்டாசியத்தை வெச்சு யாரையும் கழிச்சுடாதீங்க.

ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பையனுக்குத் தங்கச்சி, தம்பி இருந்தா அவங்களுக்கும் இந்த வாரமே பிரஷர் பாருங்க. ரெஃபரல் சீட்டுல "ஒட்டு மரபணு சந்தேகம்"னு தனியா எழுதுங்க. அந்த ரெண்டு மரபணுவும் 95 சதவீதம் ஒரே மாதிரி இருக்கிறதால எல்லா மரபணுவையும் துண்டு துண்டாப் படிக்கிற வழக்கமான எக்ஸோம் டெஸ்ட்ல ஒட்டு கண்ணுல படாமப் போகும். அதுக்குன்னே, ஒட்டின இடத்தை ஒரே நீளத் துண்டாப் பெருக்கிப் பார்க்கிற நீளப் பிசிஆர் கேட்கணும்.