சான்றிதழ் வாங்கித் தர்ற வேலை: களத்துல நீங்க பார்த்தது என்ன?

செங்கல்பட்டு உறுப்பினர்:
அரசுத் திட்டத்துக்குப் பஞ்சமே இல்லைங்க. எந்தத் தாளை முதல்ல வாங்கணும்னு சொல்லத்தான் ஆள் இல்லை. இருளர் பழங்குடிக் குடியிருப்புகள்ல ஒருங்கிணைப்பாளர்னு எனக்குப் பேர். நாள் முழுக்க இந்த வரிசையைப் பிடிக்கிறதுதான் வேலை.

2023 நவம்பர்ல ரொம்பப் பின்தங்கின பழங்குடிகளுக்கான பி.எம். ஜன்மன்ங்கிற மத்திய அரசுத் திட்டம் வந்தப்போ 9 அமைச்சகம், 11 வகைப் பணின்னு பட்டியல் போட்டாங்க. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர்னு நம்ம மாநிலத்துல 6 பழங்குடிகளுக்கு அது உண்டு. வீடும் அதுல இருக்கு. வீட்டுக்கு மனைப்பட்டா வேணும். குடிசை நிக்கிறதோ ஏரிப் புறம்போக்கு. நீர்நிலை இடத்துக்குப் பட்டா கிடையாது, மாற்று இடம் பார்க்கணும். இடத்துக்கு வருவாய்த் துறை, வீட்டுக்கு ஊரக வளர்ச்சி, கரண்டுக்கு மின்வாரியம். இவர் அவரைக் கைகாட்ட, அவர் இவரைக் கைகாட்ட, மழைக்காலம் வந்துடும்.

சாதிச் சான்று இன்னொரு கதை. மத்தவங்களுக்குத் தாலுகா ஆபீஸ்லயே முடிஞ்சிடும். பழங்குடின்னா விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் எல்லாரையும் தாண்டி மனு கோட்டாட்சியர்கிட்ட (ஆர்டிஓ) போகணும். "அப்பா வழிச் சொந்தத்துல யாருக்காவது சான்று இருக்கா?" இதுதான் எல்லா மேசையிலயும் முதல் கேள்வி. பெரியப்பா கரிமூட்டம் போட எந்த ஊருக்குப் போனாரோ, யாருக்குத் தெரியும்?

அதுக்கு வழி கிடைச்சது மாமல்லபுரம் கடற்கரையில. மாசிமகத்துக்கு வடமாவட்டத்து இருளர்கள் குடும்பம் குடும்பமா அங்கே வந்து, புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுவாங்க. மொட்டை, காதுகுத்து, கல்யாணப் பேச்சு எல்லாம் மணல்லயே நடக்கும். சிதறிப்போன சொந்தமெல்லாம் ஒரே இடத்துல! பத்தாவது படிக்கிற பொண்ணு ஒருத்திக்காக விசாரிச்சுக்கிட்டே போனோம். திருவள்ளூர்ப் பக்கம் இருந்து வந்த ஒரு பெரியவர் இடுப்புல இருந்து பாலித்தீன் பையை எடுத்தார். நாலா மடிச்ச ஜெராக்ஸ், மடிப்புல எழுத்தே போயிடுச்சு. "இந்தச் சீட்டாம்மா கேக்குற? என் பையனுக்கு வாங்கினது"ன்னார். பொண்ணோட தாத்தாவும் இவரும் அண்ணன் தம்பி. வம்சாவளியை அங்கேயே உக்காந்து எழுதினோம். கோட்டாட்சியர் அலுவலகத்துல அந்த மனுவை ஏத்துக்கிட்டாங்க.

பாம்பு பிடிக்கிற திறமைக்காக 2023-ல இந்த மாவட்டத்து இருளர் ரெண்டு பேருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. சந்தோஷம்தான். அதே சனத்துப் பிள்ளைகள் இன்னும் சான்றுக்கு அலையுது.

கடலூர் உறுப்பினர்:
நான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். எங்க பக்கம் முட்டுக்கட்டை, ஊனத்தை அளந்து சான்று தர்ற மருத்துவ போர்டு. ஊனம் 40 சதவீதமாவது இருக்குன்னு சான்று வந்தாத்தான் அடுத்தடுத்த கதவு திறக்கும். குறிப்பிட்ட கிழமையில மட்டும்தான் போர்டு கூடும். மனநல நிபுணர் அன்னிக்கு லீவுன்னா திரும்பி வரணும். மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயசுப் பையனை இடுப்புல தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்ற அம்மாவுக்கு ஒருநாள் கூலி போச்சு. "டாக்டர் வரலைன்னு ஒரு போன் பண்ணக் கூடாதாண்ணா?"ன்னு கேட்டாங்க. இப்ப முந்தின நாள் சாயங்காலமே போன் போட்டு யார் யார் வர்றாங்கன்னு உறுதி பண்ணிட்டுத்தான் குடும்பத்தைக் கிளப்புறேன். எந்தத் திட்ட வழிகாட்டியிலும் இந்த வேலை இல்லை. நான் செய்றதுல உருப்படியானது இதுதான்.

மதுரை உறுப்பினர்:
திருநங்கையா சொல்றேன். 2008-லயே எங்களுக்குன்னு நலவாரியம் வந்துச்சு, 2019 திருநர் உரிமைச் சட்டப்படி கலெக்டர் தர்ற அடையாளச் சான்றும் கையில இருக்கு. ஆனா ரேஷன் கார்டுக்கு முகவரி வேணும்னா வாடகை வீடு கிடைக்கணுமே! வீட்டுக்காரம்மா ஒப்பந்தம் எழுதித் தரமாட்டேன்னுட்டாங்க. கடைசில பக்கத்துத் தெரு சுயஉதவிக்குழு அக்காதான் கூட வந்து பேசினாங்க. ஆபீசர் யாரும் வரலை.

கடலூர் உறுப்பினர்:
செங்கல்பட்டு அக்கா, சான்றிதழ் முகாமை எத்தனை மணிக்கு வைக்கிறீங்க? எங்க ஊர்ல காலை 11 மணிக்குப் பந்தல் போட்டு, நாற்காலி காலியா கிடக்கும்.

செங்கல்பட்டு உறுப்பினர்:
ராத்திரி எட்டு மணிக்குத்தான் தம்பி. செங்கல் சூளைக்கும் சவுக்கு மரம் வெட்டவும் விடியறதுக்கு முன்னாடியே போயிடுவாங்க. விஏஓவை வாய்வார்த்தையா கூப்பிட்டா வரமாட்டார். மேல இருந்து எழுத்துல உத்தரவு வாங்கிடுங்க. ஆதார் ஆளுங்களைக் கூப்பிடும்போது கருவிழிக் கருவி கட்டாயம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. செங்கல் அறுக்கிற கையில ரேகை தேய்ஞ்சிருக்கும், மிஷின் எடுக்காது. "நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பிட்டா அந்தாளு திரும்ப வரமாட்டார்.