பொருள்: மெமரி டிரெய்னிங் – "பயிற்சி" வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

கணினி தொடங்காத சிக்கல்களுக்கான உதவிக் கையேட்டில் "நினைவகப் பயிற்சி முடியும்வரை காத்திருக்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது. "மெமரி டிரெய்னிங்" என்பதன் மொழிபெயர்ப்பு அது: கணினி தொடங்கும்போது ரேமுடன் பிழையின்றித் தரவு பரிமாறுவதற்கான நேர அமைப்பைக் கண்டறியும் கட்டம். ரேமுக்கு என்ன பயிற்சி என்றுதான் படிப்பவர் கேட்பார். போதாததற்கு, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கும் இப்போது "பயிற்சி" என்றே எழுதுகிறோம்.

இந்த வரி சரியாகப் புரிவது முக்கியம். ஏஎம்5 போர்டில் (ஏஎம்டி பிராசஸர்களுக்கான ஒரு மதர்போர்டு வகை) புது டிடிஆர்5 (ரேமின் ஒரு தலைமுறை) ரேம் போட்டு முதன்முறை ஆன் செய்தால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும், போர்டின் ஓரத்தில் டிரேம் என்று எழுதிய விளக்கு (ரேமைக் குறிப்பது, பெரும்பாலும் மஞ்சள்) எரிந்துகொண்டிருக்கும். சில நிமிடம் இப்படியே இருப்பது இயல்பு. நான்கு ரேம் போட்டிருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். பலர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து.

"நினைவக அளவுத்திருத்தம்" சரிவருமா?

---

> "நினைவக அளவுத்திருத்தம்" சரிவருமா?

அளவுத்திருத்தம் என்றால் வெளியே ஒரு தர அளவு இருந்து, அதற்கேற்பக் கருவியைத் திருத்த வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. டிடிஆர்5-6000 வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 167 பிக்கோ நொடி (நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோ நொடி). அதற்குள் குறிகை (சிக்னல்) போர்டில் இரண்டரை சென்டிமீட்டர்தான் ஓடும். போர்டில் உள்ள ஒவ்வொரு மின்தடத்தின் நீளமும் கொஞ்சம் மாறும், ஒவ்வொரு ரேமும் கொஞ்சம் மாறும். ஆகவே ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) ஒரு மாதிரித் தரவை எழுதிப் படித்துப் பார்க்கிறது. தாமதத்தைச் சிறிது நகர்த்தி மறுபடி படிக்கிறது. மேற்கோள் மின்னழுத்தத்தையும் (வருவது 0-வா 1-ஆ என்று பிரிக்கும் எல்லை) மாற்றிப் பார்க்கிறது. பிழையின்றிப் படிக்க முடிகிற இடைவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டு, அதன் நடுவில் நிற்கிறது. தடம் தடமாக இது நடக்கும். திரைக்குப் படம் அனுப்பும் கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கறுப்புத் திரைக்குக் காரணம் அதுவே.

கச்சேரிக்கு முன் தம்புரா சுருதி சேர்ப்பதும் இதே வேலைதான். தந்தியை முறுக்கி, மீட்டி, கேட்டு, மறுபடி முறுக்குகிறோம். "ரேம் சுருதி சேர்ப்பு" என்று வைத்தால் என்ன?

---

சுருதி காதுக்கு நன்றாக இருக்கிறது, கையேட்டுக்கு ஆகாது. பயாஸில் (அந்த ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையில்) ரேம் டைமிங்கைக் கையால் மாற்றுவதை டியூனிங் என்கிறார்கள். சுருதி என்றதும் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். இது தானாக நடப்பது. அது ஆள் செய்வது.

"இணக்கம்" என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: போர்டு தயாரிப்பாளர் வெளியிடும் ரேம் பட்டியலுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. "ஒத்திசைவு" கோப்புகளுக்கு (சிங்க்) போய்விட்டது. "இசைவாக்கம்" இலங்கைப் பாடநூல்களில் உயிரியல் சொல். சூழலுக்கு ஏற்ப உயிரினம் மாறுவதைக் குறிப்பது.

"இசைவிப்பு" எப்படி? இசைவித்தல் என்ற பிறவினையிலிருந்து வருகிறது. ரேம் தானாக இசைவதில்லை, ஃபர்ம்வேர் அதை இசைவிக்கிறது. பொருள் அப்படியே பொருந்துகிறது.

---

இசைவிப்புக்கு என் வாக்கு. ஒரு சொல்லை வைத்து மற்றவற்றையும் சொல்ல முடிகிறதா என்று பார்த்தேன்.

பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்று ஒரு அமைப்பு உண்டு. முன்பு கண்ட தாமத மதிப்புகளைச் சேமித்து வைத்து, அடுத்த முறை தேடாமல் அவற்றையே எடுத்துக்கொள்ளும். "சேமித்த இசைவைப் பயன்படுத்து" என்றால் முடிந்தது. இதை அணைத்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் காத்திருக்க வேண்டிவரும். போட்டால் சில போர்டுகளில் நீலத்திரை (விண்டோஸ் பிழைத்திரை) வருகிறது. அப்போது அணைத்துவிட்டுப் பொறுத்துக்கொள்வதே மேல்.

இசைவிப்பு மறுபடி எப்போது நடக்கும் என்பதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும்: ரேம் மாற்றினால், எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி (ரேமை அதன் அட்டையில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்புகள்) போட்டால், சீமாஸ் (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) அழித்தால், பயாஸ் புதுப்பித்தால். கடைசியில் கவனம் தேவை. பயாஸ் எழுதும்போது மின்சாரம் போனால் போர்டே கெடலாம். எழுதி முடித்து, மறுதொடக்கமாகி, இசைவிக்கும்போது போனால் நேரம்தான் வீண். திரை கறுத்திருக்கையில் எது நடக்கிறது என்று பயனருக்குத் தெரியாது. எனவே இரண்டுக்கும் "அணைக்காதீர்கள்" என்றே எழுதுவோம்.

---

ஒரு கேள்வி மீதி. இசைவிப்பு முடியாமல் போனால் போர்டு தானே அணைந்து தானே எழும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் பயனர் பவர் சப்ளை போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகிறார். இங்கே "இசைவிப்புத் தோல்வி" என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பயனர் படிக்கும் இடத்தில் நினைவகம் என்பதையும் விட்டு ரேம் என்றே எழுதலாம். என் வரைவு:

"ரேம் இசையவில்லை. 15 நிமிடம் கழித்தும் டிரேம் விளக்கு எரிந்தால் மின்கம்பியைக் கழற்றுங்கள். ஒரே ஒரு ரேமை மட்டும் ஏ2 இடத்தில் (பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து இரண்டாவது) கிளிப் சொடுக்கும்வரை அழுத்திச் செருகுங்கள். சீமாஸ் அழித்துவிட்டு மறுபடி ஆன் செய்து காத்திருங்கள். விளக்கு விஜிஏ-வுக்கு நகர்ந்தால் ரேம் இசைந்துவிட்டது. இனி கிராஃபிக்ஸ் கார்டையும் திரைக் கம்பியையும் பாருங்கள்."

நான்கு ரேம் போடுபவர்களுக்கு ஒரு அடிக்குறிப்பு வேண்டும். ஏஎம்5 போர்டில் போடும் ரைசன் 7000 வரிசை பிராசஸர்களுக்கு ஏஎம்டி உறுதியளிப்பது இரண்டு ரேமுக்கு டிடிஆர்5-5200, நான்குக்கு 3600 மட்டுமே. 6000 என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ரேமை நான்கு வாங்கிப் போட்டு எக்ஸ்போவை அழுத்தினால் இசையாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. அதற்கு எக்ஸ்போவை அணைப்பதுதான் முதல் வழி.