எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டீர்கள்? களப்பணி அனுபவங்கள்

சமூகவியல் ஆசிரியர், தஞ்சாவூர்

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். அக்ரஹாரத்திலேயே அவருக்குக் குடியிருக்க வீடு கிடைத்தது. வெளியாருக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காத சலுகை அது. ஆனால் அந்த வீடே அவருக்கு எல்லையாகவும் ஆனது. குடியானத் தெருவினர் அவரை அக்ரஹாரத்து ஆளாகவே பார்த்தார்கள். சேரிக்குள் போய் உட்கார்ந்து பேசுவது அதைவிடச் சிக்கல். இதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1965-இல் வந்த அவருடைய நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இன்னொரு சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் கதையும் அப்படியே. 1948-இல் மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் ஊர்த்தலைவருக்குச் சொந்தமான, எருதுகள் கட்டும் வீட்டில் தங்கினார். ‘ஆதிக்கச் சாதி’ என்ற கருத்தை நமக்குத் தந்தவர், அந்த ஆதிக்கச் சாதியின் வாசலிலிருந்துதான் ஊரைப் பார்த்தார். 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைத்தார்கள். பல ஆண்டுகளாகத் தொகுத்து வைத்திருந்த குறிப்புகள் எரிந்துபோயின. பிறகு நினைவிலிருந்தே ராம்புரா பற்றிய நூலை எழுதினார். தீயைப் பற்றி என் மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். எருது வீட்டைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

வாய்மொழித் தேர்வில் மாதிரி எடுப்பது எப்படி, நம்பகத்தன்மை என்றால் என்ன என்று கேட்டால் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். “நேர்காணலின்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?” என்றால் மௌனம். எனக்கு அந்த மௌனத்தைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி கேட்கப் போனவர்களும் எழுதலாம், கேட்கப்பட்டவர்களும் எழுதலாம். ஊர் பெயர், ஆள் பெயர் வேண்டாம்.

வீடுவீடாகக் கணக்கெடுப்பவர், திருவண்ணாமலை மாவட்டம்

வணக்கம் ஐயா. நான் ஆய்வாளர் இல்லை. வேலைவாய்ப்பு பற்றிய கணக்கெடுப்புக்குப் போகிறவள். எங்கள் படிவத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் போட வேண்டும். சொந்தத் தொழில் செய்தால் 11. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவினால் 21. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. அதோடு விறகு, கீரை, தீவனம் சேகரிப்பதும் உண்டென்றால் 93. கிராமத்தில் பெரும்பாலான பெண்களுக்கு முதலில் வந்து விழுவது 92 தான். அதைச் சொல்வது அந்தப் பெண் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் லாரி ஓட்டுநர். அன்று தற்செயலாக வீட்டில் இருந்தார். மனைவிக்கு என்ன வேலை என்றேன். “ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறாள்” என்றார். பின்னால் கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. யார் பால் கறப்பது என்றேன். “அவள்தான்.” சொசைட்டிக்கு யார் கொண்டுபோய் ஊற்றுவது? “அதுவும் அவள்தான்.” சரி, இது 92 ஆகாது. மாட்டின் சொந்தக்காரர் யார் என்றேன். “நான்தான் வாங்கினேன்” என்றார். அப்படியென்றால் தொழில் அவருடையது, மனைவி கூலியில்லா உதவியாளர், 21 என்று எழுதிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அப்போது அந்தம்மா உள்ளேயிருந்து பால் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினார். புத்தகம் அவர் பெயரில் இருந்தது. தவிடு, புண்ணாக்கு வாங்குவது, சினை ஊசி போட ஆள் கூப்பிடுவது, கன்றை விற்பது எல்லாம் தன் முடிவு என்றார். “இவர் மாதத்தில் பாதி நாள் ஊரிலேயே இல்லை, இவருக்கு எந்த மாடு கறக்கிறது என்று தெரியுமா, கேளுங்கள்” என்றார். நான் கேட்கவில்லை. 11 என்று எழுதினேன்.

அதே பெண், அதே மாடுகள், கால் மணி நேரத்தில் மூன்று எண்கள். தலைநகரில் அச்சாகும் அட்டவணையில் பெண்கள் வேலைக்குப் போவது ஏறியது, இறங்கியது என்று பெரிய விவாதம் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் வரும். அதுபோக ஆண்டுக்கு 30 நாளோ அதற்கு மேலோ செய்த வேலை எதுவானாலும் துணை வேலையாகப் பதிய வேண்டும் என்பது விதி. நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். “வேறு ஏதாவது வேலை செய்தீர்களா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை” தான்.

இன்னொன்று. நான் போனாலே ரேஷன் அட்டை, ஆதார் நகலோடு நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள். முதியோர் உதவித்தொகை வரவில்லை, பட்டா மாறவில்லை. இது உதவி தரும் கணக்கெடுப்பு இல்லை என்று விளக்கிச் சொன்னாலும் நகலை வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் வருமானக் கணக்கில் இந்த எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறது.

வழக்கறிஞர், விழுப்புரம் மாவட்டம்

நான் கேட்கப்பட்ட பக்கத்து ஆள்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்கு ஒரு குழு வந்தது. மக்களே ஊரின் வரைபடத்தைத் தரையில் வரைவது அவர்களுடைய முறை. கேள்விப்பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு மக்கள் கையிலேயே சுண்ணாம்பைக் கொடுப்பது அப்போது புதிய சிந்தனை. கோலமாவு, செங்கல் தூள், எது முக்கியம் என்று மதிப்பெண் போடப் புளியங்கொட்டை. பார்க்கத் திருவிழா போல இருந்தது. நான் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தேன்.

வரைந்த இடம் ஊர்த்தெருக் கோயில் முன்மண்டப வாசல். எங்கள் காலனிக்காரர்கள் அங்கே எவ்வளவு தூரம் வரலாம் என்பது வந்தவர்களுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். நாங்கள் வேப்பமரத்துக்குக் கீழேயே நின்றோம். ஊர்த்தெரு வீடு வீடாக முளைத்தது. கோயில், ஏரி, மதகு, பள்ளிக்கூடம், ரைஸ்மில். எங்கள் பக்கத்துக்கு ஒரு பையன் வந்து கோடு ஒன்றை இழுத்துவிட்டு “இது காலனி” என்றான். என் ஆயா மரத்தடியிலிருந்தே சத்தம் போட்டுக் கேட்டார்: “எங்கள் கிணறு எங்கே?” குழுவில் இருந்த ஒரு பெண் மட்டும் திரும்பிப் பார்த்து, “வாருங்கள் அம்மா, நீங்களே வந்து போடுங்கள்” என்று சுண்ணாம்பை நீட்டினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆயா போகவில்லை.

மறுநாள் அந்தப் பெண் மட்டும் தனியாக எங்கள் தெருவுக்கு வந்தார். ஆயா வீட்டு வாசலிலேயே ஒரு வரைபடம் போட்டார்கள். கிணறு, இடுகாட்டுப் பாதை, மழைக்காலத்தில் அந்தப் பாதை மூழ்கும் இடம், எந்தப் பம்புசெட்டில் குளிக்க விடுவார்கள், எதில் விட மாட்டார்கள். இதில் ஊர்த்தெரு ஒரு கோடாக இருந்தது. இரண்டு படங்களும் ஒரே ஊர். அறிக்கையில் எது அச்சானது என்று நான் பார்த்ததில்லை. மக்கள் பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கே வைத்து, யார் வாசலில் என்று கேட்கும் வழக்கம் எனக்கு அதிலிருந்து வந்தது.

முதுகலை மாணவி, கோயம்புத்தூர்

மேலே எழுதியவர்களின் கனத்துக்குப் பக்கத்தில் இது சின்ன விஷயம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கல் தன் மாணவர்களை அவரவர் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் போல நடந்துகொள்ளச் சொன்னார் என்பது பாடத்தில் வரும். மரியாதையாக, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு. 1967-இல் வந்த அவருடைய நூலில் அமெரிக்க வீடுகளில் என்ன நடந்தது என்று இருக்கிறது: உடம்பு சரியில்லையா, பைத்தியமா என்று கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் சிலர் செய்து பார்த்தோம். நான் சமையலறை வாசலில் நின்று, “உள்ளே வந்து கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாமா?” என்றேன். அம்மா முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “சாப்பாடு மிக நன்றாக இருந்தது, நன்றி” என்றதும் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கல்லூரியில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்றார். அமெரிக்காவில் நடந்ததற்கும் இதற்கும் அதுவரை பெரிய வித்தியாசமில்லை. பிறகு பாட்டி உப்பும் மிளகாயும் எடுத்து வந்து மூன்று முறை சுற்றிப் போட்டார். நெடி வரவில்லை, கண்ணேறு உறுதி என்று தீர்ப்பும் சொன்னார். கார்ஃபிங்கல் இதற்குத் தயாராக இருந்திருப்பாரா என்று தெரியாது.

வீட்டில் ‘நன்றி’ சொல்லக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மீறினால்தான் அப்படி ஒரு விதி இருப்பதே தெரிகிறது. என் தோழி ஒருத்தி இதைப் புகுந்த வீட்டில் செய்து பார்க்க முடியாது என்றாள். அங்கே இந்த மரியாதைதான் எதிர்பார்க்கப்படுகிறதாம். யாரும் வித்தியாசத்தைக் கவனிக்கவே மாட்டார்களாம். அவள் சொன்னது என் சோதனையைவிட நல்ல சமூகவியல்.

ஆய்வு மாணவர், திருப்பூர்

பனியன் கம்பெனித் தொழிலாளர் பற்றிய என் கேள்விப்பட்டியலில் ‘ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை?’ என்று ஒரு கேள்வி இருந்தது. கம்பெனி வாசலில் கேட்டால் எல்லாரும் எட்டு என்றார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பிறகு டீக்கடையில் அவர்கள் தங்களுக்குள் கணக்குப் பார்க்கும்போது வேறு விதமாக ஓடியது. இந்த வாரம் எத்தனை ஷிப்ட் என்பதுதான் பேச்சு. காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதிச் சரக்கு அவசரம் என்றால் அதற்கும் மேல். அதன் பிறகு நான் மணி நேரம் கேட்பதை விட்டுவிட்டு, போன வாரம் ஒவ்வொரு நாளும் எத்தனை ஷிப்ட் என்று கேட்க ஆரம்பித்தேன். வாசலில் நின்று கேட்பதையும் விட்டேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஃபுட் வைட் 1930-களின் பாஸ்டனில் இத்தாலியர் வாழ்ந்த பகுதியில் சூதாட்டம் பற்றி நேரடியாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கு வழிகாட்டிய இளைஞர், யார், என்ன, எதற்கு என்ற கேள்விகளைக் குறைத்துக்கொள், கூட இருந்தால் பதில் தானாகவே வரும் என்றார். நல்ல அறிவுரைதான். ஆனால் கூட இருப்பதற்கு நேரம் வேண்டும், ஆணாக இருந்தால் டீக்கடையும் வேண்டும். பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக்குள் என்னால் போக முடியாது. அங்கே நடப்பது என் ஆய்வில் இல்லை. முன்னுரையில் அப்படியே எழுதியிருக்கிறேன். நெறியாளர் அந்தப் பத்தியை எடுத்துவிடலாமே என்றார், எடுக்கவில்லை.

பள்ளி ஆசிரியை, கோத்தகிரி

நீலகிரிக்காரியாக ஒன்று சேர்க்கிறேன். வம்சாவளி வரைந்து சமூகத்தைப் படிக்கும் முறைக்குப் பெயர் போன ஆங்கிலேய மானிடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், இங்குள்ள பழங்குடியினரான தோடர்களிடையே ஆய்வு செய்து, 1906-இல் நூல் வெளியிட்டார். இறந்த உறவினரின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற தடை தோடர்களிடம் உண்டு. அதனால் ஒருவருடைய மூதாதையர் பெயரை வேறொருவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இன்னொன்றையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அவருக்குப் புனித விஷயங்களைச் சொன்னவர்களுக்கு நோயும் சாவும் இழப்பும் நேர்ந்தபோது, அந்நியனிடம் இரகசியத்தைச் சொன்னதே காரணம் என்று குறி சொல்பவர்கள் சொன்னார்களாம். நூல் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. சொன்னவர்கள் அதற்குக் கொடுத்த விலை எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

நான் பேசப் போனது தோடர்களிடம் இல்லை, இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் வந்து இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். ஒரு பெரியவரிடம் “உங்கள் அப்பா பிறந்தது எந்தத் தோட்டம்?” என்று கேட்டதும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பழைய மனுக்களின் நகல்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி வாசித்தார். கதை கேட்க வந்தேன் தாத்தா, காகிதம் வேண்டாம் என்றேன். “காகிதம் இல்லாமல் சொன்னதை இதுவரை யார் நம்பினார்கள்?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதை எழுதினால் பேரப்பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு ஏதாவது இடைஞ்சல் வருமா என்று கேட்டார். அன்று பதிவுக் கருவியை நான் பையிலிருந்து எடுக்கவில்லை. அவர் மனைவியோடு கொழுந்து பறிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

சமூகவியல் ஆசிரியர், தஞ்சாவூர்

டீச்சர், அந்தப் பையும் ஒரு வம்சாவளிதான். ரிவர்ஸ் வரைந்த படத்தில் அரசாங்கம் கிடையாது, இதில் அரசாங்கம்தான் மூத்த உறவினர்.

திருவண்ணாமலை அம்மாவிடம் ஒரு கேள்வி. பதில் சொன்னது யார், உடன் யார் இருந்தார்கள் என்று குறிக்க உங்கள் படிவத்தில் இடம் உண்டா?

வீடுவீடாகக் கணக்கெடுப்பவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில் சொன்னவரின் வரிசை எண் கேட்பார்கள் ஐயா. அவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதற்கும் எண் உண்டு. ஒத்துழைத்தார், விவரமும் தெரிந்தவர் என்றால் 1. ஒத்துழைத்தார், விவரம் தெரியவில்லை என்றால் 2. வேலையாக இருந்தார் 3. தயங்கினார் 4. மற்றவை 9. லாரி ஓட்டுநருக்கு நான் 2 போட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் மனைவி பேச ஆரம்பித்த பிறகு பதில் சொன்னவர் அந்தம்மா என்று மாற்றி 1 போட்டுவிட்டேன்.

மாமியார் பக்கத்தில் இருந்தார் என்பதற்கு எண் இல்லை. கடைசியில் குறிப்புகளுக்கு ஒரு பகுதி இருக்கிறது, அதில் எழுதுவேன். மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் ஒரு தடவை அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டு, “மாமியார் இருந்ததால் என்ன?” என்று கேட்டார். மறுபடி போய்த் தனியாகக் கேட்கட்டுமா என்றேன். போகச் சொன்னார், பஸ் கட்டணம் தனியாகக் கிடையாது என்றார்.