நாலு ட்ராக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும், தம்பி குரல் பின்னோக்கி ஓடுகிறது

மொட்டைமாடிகிதார்:

அலமாரியைக் காலி செய்தபோது ஒரு டப்பா கிடைத்தது, உள்ளே ஏழு கேசட். காலேஜ் நாட்களில் நானும் தம்பியும், நாலு ஒலியைத் தனித்தனியாகப் பதியும் ஒரு நாலு ட்ராக் ரெக்கார்டரில் பதிந்த பாட்டுகள். அந்த ரெக்கார்டரை அப்போதே விற்றுவிட்டோம், மாடல் பெயர்கூட ஞாபகமில்லை. சாதாரண ஸ்டீரியோ டெக்கில் போட்டேன். கிதாரும் டிரம் மெஷினும் கேட்கின்றன, ஆனால் பாதி வேகத்தில், எருமை நடப்பது மாதிரி. திருப்பிப் போட்டால் தம்பியின் குரல் பின்னோக்கி வருகிறது, கூடவே இடது பக்கம் முழுக்க ஃபேக்ஸ் மெஷின் போல ஒரு கீச்சொலி. கேசட் போய்விட்டதா? லேபிளில் தம்பி கையெழுத்தில் "டிபிஎக்ஸ் ஆன்" என்று இருக்கிறது, அதுவும் என்னவென்று மறந்துவிட்டது. ஹெட்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஒரு வயர் போட்டால் போதுமா?

கம்பிச்சுருள்:

கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். சாதாரண கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு ட்ராக், பி பக்கத்துக்கு இரண்டு ட்ராக், டேப்பைத் திருப்பிப் போடும்போது அது எதிர்த்திசையில் ஓடுகிறது. நாலு ட்ராக் மெஷின் அந்த நாலையும் ஒரே திசையில் பதியும். அதனால் உங்கள் டெக்கில் முதல் இரண்டு நேராகவும், திருப்பினால் மற்ற இரண்டு தலைகீழாகவும்தான் வரும். இடதில் நாலாவது ட்ராக், வலதில் மூன்றாவது. வேகம் பாதியாக இருப்பதற்குக் காரணம், 1979இல் வந்த டாஸ்காம் 144 தொடங்கிப் பல மெஷின்கள் நொடிக்கு 4.76 செ.மீ.க்குப் பதில் இரட்டிப்பாக, சுமார் 9.5 செ.மீ. ஓட்டின. 60 நிமிடக் கேசட்டில் கால் மணி நேரம்தான் பிடிக்கும், ஆனால் சத்தம் எவ்வளவோ தெளிவு.

அந்தக் கீச்சொலியை அழித்துவிடாதீர்கள். டிரம் மெஷினை டேப்போடு சேர்ந்து ஓடவைக்க நாலாவது ட்ராக்கில் சிங்க் டோன் பதிவது அன்று வழக்கம், பெரும்பாலும் அதுதான். மைக் துளை வேண்டவே வேண்டாம். லைன் இன்புட் உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) வாங்குங்கள்.

பழையநாடா:

டெக்கிலேயே இரண்டு பக்கத்தையும் பதிந்து, ஒன்றை ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டரில் ரிவர்ஸ் செய்து, வேகத்தை இரட்டிப்பாக்கினால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன், இதற்கென்று ஒரு மெஷின் தேடி அலைய வேண்டியதில்லை.

கம்பிச்சுருள்:

சும்மா கேட்டுப் பார்க்க அது சரி. ஆனால் அவர் லேபிளில் டிபிஎக்ஸ் என்று இருக்கிறதே. அது டேப் இரைச்சலைக் குறைக்கும் ஒரு முறை. பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக அமுக்கி, ஹை ஃப்ரீக்வென்சியைத் தூக்கிவைத்துப் பதியும், திரும்ப ஓட்டும்போது விரித்து இறக்கும். விரிக்காமல் கேட்டால் இரைச்சல் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும், டிரம்மின் சிம்பல் தட்டு எல்லாம் காதைக் கிழிக்கும். டெக்கில் உள்ள டால்பி பட்டனை அமுக்கினாலும் சரியாகாது, அது வேறு இரைச்சல் குறைப்பு முறை. பாதி வேகத்தில் ஓடும்போது டிகோடரை நடுவில் வைத்தாலும் பயனில்லை, ஃப்ரீக்வென்சி எல்லாம் இடம் மாறியிருக்கும். அதே வேகமும் டிபிஎக்ஸும் உள்ள மெஷினை யாரிடமாவது இரண்டு நாள் இரவல் கேளுங்கள். போட்டவுடன் ப்ளே அமுக்காதீர்கள்: ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை, அதாவது பிஞ்ச் ரோலர், பளபளவென்று இறுகிப்போயிருக்கிறதா பாருங்கள், பெல்ட் கூழாகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். முக்கியமில்லாத ஒரு கேசட்டை முதலில் பலி கொடுங்கள்.

மொட்டைமாடிகிதார்:

மெஷின் கிடைத்துவிட்டது! தெரிந்தவர் ஒருவர் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். தம்பி குரல் நேராக வருகிறது, முதல் தடவை கேட்டபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பின்னால் நாலு ட்ராக்குக்குத் தனி அவுட் இல்லை, இடது வலது மட்டும்தான். இரண்டு இரண்டாக இரண்டு தடவை பதிந்து கம்ப்யூட்டரில் சேர்த்தேன். தொடக்கத்தில் பொருந்துகிறது, இரண்டாவது சரணம் வரும்போது குரல் தாளத்தை விட்டு நழுவுகிறது.

நழுவல்நிபுணர்:

கேசட் மோட்டார் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு வேகத்தில்தான் ஓடும். 0.1 சதவீத வித்தியாசமே நாலு நிமிடப் பாட்டில் கால் வினாடி ஆகிவிடும், வேகம் நடுவில் அலைவது வேறு. அதனால் இரண்டு தடவை போதாது, மூன்று தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் டிரம் உள்ள ட்ராக்கை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள், வலதில் முதல் தடவை இரண்டாவது, அடுத்து மூன்றாவது, அப்புறம் நாலாவது ட்ராக். ஈக்யூவைத் தட்டையாக வையுங்கள், எஃபெக்ட் சென்ட் பூஜ்யம், பிட்ச் குமிழ் நடுவில், அதற்கப்புறம் எதையும் தொடாதீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல்.

இப்போது மூன்று ஃபைலிலும் இடது பக்கம் ஒரே டிரம். ஸ்னேர் அடி அலைவடிவத்தில் ஊசி போல நிற்கும். முதல் ஃபைலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் ஸ்டீரியோவாகவே, இடது வலதைப் பிரிக்காமல், எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை வெட்டி அந்த ஊசிக்கு நேராக இழுத்து வையுங்கள். டிரம்முக்குப் பொருந்தினால் கூட இருக்கும் குரலும் தானாகப் பொருந்திவிடும். எல்லாம் முடிந்ததும் உபரி டிரம் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். வெட்டும் இடம் பாடகர் மூச்சு விடும் இடமாக இருக்கட்டும், நடு எழுத்தில் வெட்டினால் கேட்கும்.

பழையநாடா:

இந்த மூன்று தடவை வித்தை எனக்குத் தெரியாமல் போச்சே. என் கேசட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

மொட்டைமாடிகிதார்:

ஒரு பாட்டு முடிந்தது, மூன்று மணி நேரம் ஆனது. மூன்றாவது ட்ராக்கைத் தனியாகக் கேட்டபோது, பாட்டு தொடங்கும் முன் தம்பி "டேய், லைட்டு எரியுது, பதியுதுடா" என்று கிசுகிசுக்கிறான், அண்ணனை டேய் என்கிறான் பாருங்கள். பழைய மிக்ஸில் அதை வெட்டியிருந்தோம். இந்த முறை விட்டுவிட்டேன். மீதி ஆறு கேசட் இருக்கிறது, அதில் ஒன்றில் ஹெட்டில் அழுத்தும் பஞ்சுத் துண்டு உதிர்ந்து கிடக்கிறது, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

கம்பிச்சுருள்:

உண்டு. திருகாணி போட்ட கூடு ஒன்று எடுங்கள், ஒட்டிய கூட்டைத் திறப்பது வேதனை. அதன் உள்டேப்பை எடுத்துவிட்டு, உங்கள் இரண்டு சுருளையும் ஹப்போடு சேர்த்துத் தூக்கி வையுங்கள், விரல் டேப்பில் படாமல். தும்மல் வந்தால் முதலில் எழுந்து வெளியே போய்விடுங்கள்.